பர்ஸுக்கு என்ன விலை?

அன்புள்ள அக்கா,

கோவையில் ஐடி வேலை பார்க்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து கையாலேயே தோல் பர்ஸ், பெல்ட் தைத்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். பர்ஸ் 1800 ரூபாய். ‘ஆன்லைனில் 400க்கே கிடைக்குதே’ என்கிறார்கள். விலையைக் குறைக்கவா? வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கலாமா? ஆரம்பம் முதல் முடிவு வரை இன்னொருவர் கை படாத பர்ஸ் என்பதுதான் என் பெருமை. படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல கை உங்களுக்கு. தையல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. மூலை திரும்பும் இடத்தில் ஒன்று மட்டும் நிமிர்ந்துவிட்டது. பரவாயில்லை. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் இழுத்துத் தைக்கிறீர்கள். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் அப்படி நிற்காது. 400 ரூபாய்க்காரரிடம் இதை ஒருமுறை சொல்லுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள். விலையைக் குறைக்காதீர்கள். வேலையையும் இப்போதைக்கு விடாதீர்கள்.

என் சண்டை உங்கள் கடைசி வரியோடுதான். இன்னொருவர் கை படவில்லையா? அப்போ தோல் மரத்தில் காய்த்ததா?

நான் திண்டுக்கல்காரி. தோல் பதனிடும் தோல்ஷாப்புகள் உள்ள ஊர். உப்புப் போட்டு வரும் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, முடி கழன்றதும் சுரண்டி, உள்பக்கத்துச் சதையை வழித்து, பட்டைச்சாற்றில் நாள்கணக்கில் மாற்றி மாற்றி ஊறப்போடுவார்கள். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, அப்புறம் வாட்டில் மரத்துப் பட்டை. நிறம் தெளிய கடுக்காய். திருச்சி செம்பட்டிலும் இதே வேலைதான். நீங்கள் ‘நேச்சுரல் டேன்’ என்று போட்டிருக்கிற தேன் நிறம் அங்கே ஏறியது, உங்கள் மேஜையில் அல்ல.

பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளின் அப்பா தோல்ஷாப்பில் வேலை. ஒருநாள் டிபன் பாக்ஸ் கொடுக்க வந்தார். முழங்கை வரை பழுப்பு, நகங்களைச் சுண்ணாம்பு தின்றிருந்தது. மறுநாள் முன்பெஞ்சில் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். அப்புறம் யார் கேட்டாலும் என் தோழி ‘அப்பா மில்லுல’ என்றே சொல்வாள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். வாசனை ஒரு சாக்கு, தம்பி. பொத்திய மூக்குக்குப் பின்னால் ஜாதி இருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் ஆலைக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் கையும் தோலைத் தொட்ட கைதானே?

நீங்கள் தோலைத் தொட்டால் ‘கைவினைக் கலைஞர்’, இன்ஸ்டாவில் ஹார்ட்டு. என் தோழியின் அப்பா தொட்டால் மூக்கைப் பொத்துகிறோம். இதற்கு நீங்கள் காரணம் இல்லை, தெரியும். ஆனால் ‘இன்னொருவர் கை படவில்லை’ என்று எழுதும்போது அந்தப் பெஞ்சில் நீங்களும் உட்கார்ந்துவிடுகிறீர்கள். கோபம் வருகிறது. நீங்கள் நல்ல பிள்ளை என்பதால் கூடுதலாக வருகிறது.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். எந்த ஊரில் பதனிட்ட தோல், என்ன பட்டை என்று அட்டையில் அச்சடித்துப் பர்ஸுக்குள் வையுங்கள். சென்னை பெரியமேட்டுத் தோல் கடைகளில் சதுர அடி கணக்கில் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டால் சலித்துக்கொள்வார். விடாமல் கேளுங்கள். தெரிந்ததும் எனக்கு ஒரு பர்ஸ் அனுப்புங்கள், கறுப்பு வேண்டாம். பேரம் பேச மாட்டேன்.