பிங் போகிறது, ஆனால் லினக்ஸ் சர்வரில் இணையம் நிற்கிறது: எங்கிருந்து தேடுவது?

அலுவலகத்தின் உபுண்டு சர்வரைப் புதிய பிராட்பேண்ட் இணைப்புக்கு மாற்றிய நாளிலிருந்து மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘ஆப்ட் அப்டேட்’ நகரவில்லை, நிரல் கோப்புகளை இழுத்துவரும் ‘கிட் புல்’ பாதியில் உறைந்துவிடுகிறது, ஆனால் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்குப் பிங் (ஒரு சிறு பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஒழுங்காகப் போகிறது, பெயர்களுக்கும் முகவரி கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸை மூன்று முறை மாற்றியாகிவிட்டது, இனி சர்வரை மறுபடி நிறுவிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம். தயவுசெய்து நிறுவாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வரிக்கு வரி நான் அனுபவித்திருக்கிறேன். மூன்று இரவுகள் போயின. அந்த மூன்று இரவுகள் இன்னொருவருக்குப் போகக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பொதுவான வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த இணைப்புக் கோளாறிலும் நான் கீழிருந்து மேலே போவேன், ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், பதில் தெரியும்வரை எதையும் மாற்ற மாட்டேன். ‘ஐபி லிங்க்’ கொடுத்தால் நெட்வொர்க் கார்டு உயிருடன் இருக்கிறதா, கேபிள் பிடித்திருக்கிறதா என்று தெரியும். ‘ஐபி அட்ரஸ்’ முகவரியைக் காட்டும், அது 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபியிடமிருந்து (முகவரி வழங்கும் சேவை) முகவரி வரவில்லை என்று பொருள். ‘ஐபி ரூட்’ பட்டியலில், வெளியே போகும் வழியைச் சொல்லும் ‘டிஃபால்ட்’ என்று தொடங்கும் வரி ஒன்று இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் எது முந்துகிறது என்று பாருங்கள். இரண்டு கார்டுகள் உள்ள சர்வர்களில் பாதிச் சிக்கல் இங்கேதான். பிறகு கேட்வேக்கு (வெளியே போகும் வாசலான ரவுட்டருக்கு) பிங், வெளி முகவரி ஒன்றுக்குப் பிங், கடைசியாகப் பெயருக்குப் பிங். முகவரிக்குப் போய்ப் பெயருக்குப் போகாவிட்டால் மட்டும் டிஎன்எஸ்ஸைத் தொடுங்கள். உபுண்டுவில் ‘ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பைத் திறந்தால் 127.0.0.53 என்று இருக்கும். அது பிழையல்ல, உள்ளூர்ச் சேவை ஒன்று நடுவில் நின்று கேட்டுச் சொல்கிறது. உண்மையில் யாரிடம் கேட்கிறது என்பதை ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ காட்டும்.

உங்கள் சர்வர் இந்தப் படிகள் அத்தனையையும் தாண்டிவிட்டது. இதற்குமேல் டிஎன்எஸ்ஸை முப்பது முறை மாற்றினாலும் பயன் இல்லை. பிங் போகிறது, ஆகவே இணைப்பு நன்றாக இருக்கிறது என்று நம்மில் பெரும்பாலோர் முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் நம்பினேன். பிங் கட்டளையின் முதல் வரியைக் கவனித்துப் பாருங்கள்: 56, அதையடுத்து அடைப்புக்குறிக்குள் 84 என்று இரண்டு எண்கள் இருக்கும். 56 பைட் தரவு, அதன் மேல் 8 பைட் ஐசிஎம்பி (பிங்கும் நெட்வொர்க்கின் பிழைச் செய்திகளும் பயணிக்கும் நெறிமுறை) தலைப்பு, 20 பைட் ஐபி தலைப்பு, மொத்தம் 84. அதாவது 84 பைட் பாக்கெட் ஒன்று போய்த் திரும்பியது என்பது மட்டுமே நிரூபணமாகியிருக்கிறது. ‘ஆப்ட்’ ஒரு கோப்பை இறக்கும்போது வருவதோ 1500 பைட் பாக்கெட்டுகள். ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் போய்வந்தது என்பதை வைத்து லாரியும் போகும் என்று சொல்ல முடியாது அல்லவா?

எனக்கு இது திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் நடந்தது. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியை வெறும் பாலமாக மாற்றிவிட்டு, டெபியன் போட்ட சர்வர் ஒன்றே பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து பிராட்பேண்டில் இணையும் முறை) வழியாக நேரடியாக இணையும்படி செய்தேன். அலுவலகக் கணினிகள் எல்லாம் அந்தச் சர்வரைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். மாற்றிய உடனே சர்வரிலிருந்து சோதித்தேன், அப்டேட் பறந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை எட்டரைக்குத் தொலைபேசி. சில தளங்கள் திறக்கின்றன, சில வெள்ளைத் திரையாகவே நிற்கின்றன. மின்னஞ்சல் போகிறது, இன்வாய்ஸை இணைத்து அனுப்பினால் போகவில்லை. அன்று மாலை சரக்குக் கப்பல் ஆவணங்களை அனுப்பியாக வேண்டும், ஒரு ஊழியர் பென்டிரைவை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு ஓடினார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

கேபிளை மாற்றினேன், டிஎன்எஸ்ஸை மாற்றினேன், நெட்வொர்க் கார்டையே மாற்றினேன். மூன்றாம் இரவு, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவரைத் தொலைபேசியில் அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எத்தனை பைட் வரை போகிறது, தம்பி?” என்றார். “புரியவில்லை அண்ணா” என்றேன். “பிங்கின் அளவைக் கூட்டிக்கொண்டே போ. எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த எண்ணைச் சொல்” என்றார்.

உள்ளே இருந்த ஒரு லினக்ஸ் கணினியிலிருந்து சோதித்தேன். 1464 வரை பதில் வந்தது. 1465 போட்டேன். எதுவுமே வரவில்லை, பிழைச் செய்தி கூட இல்லை. 1464-உடன் தலைப்புகளின் 28 பைட்டைக் கூட்டினால் 1492. ஈத்தர்நெட்டின் வழக்கமான உச்ச அளவு 1500. பிபிபிஓஇ தன் தலைப்புக்காக அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது. அந்த 8 பைட்தான் அலுவலகத்தை மூன்று நாட்கள் முடக்கியது.

நடந்தது இதுதான். ஒரு கம்பியோ சுரங்கமோ (ஒரு இணைப்புக்குள் ஓடும் இன்னொரு இணைப்பு) ஒரே பாக்கெட்டில் சுமக்கக்கூடிய உச்ச அளவை எம்டியு என்கிறோம். வழியில் ஏதாவது ஓர் இடத்தில் எம்டியு குறைவாக இருந்தால், அங்கே இருக்கும் ரவுட்டர், துண்டாக்காதே என்ற குறியுடன் வரும் பெரிய பாக்கெட்டைக் கைவிட்டுவிட்டு, “இது நுழையாது, இந்த அளவுக்குக் குறைத்து அனுப்பு” என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்பும். 1990-இல் வெளியான ஆர்எஃப்சி 1191 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இந்த முறையை விவரிக்கிறது. ஏற்பாடு அழகானது; ஆனால் அந்தச் செய்தி வந்து சேர்ந்தால்தான் நடக்கும். ஐசிஎம்பி என்றாலே ஆபத்து என்று எண்ணி அதை ஃபயர்வாலில் மொத்தமாக அடைத்துவிடுகிறவர்கள் ஏராளம். செய்தி வராததால் அனுப்புகிறவர் அதே பெரிய பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்புகிறார், அது மறுபடி மறுபடி தொலைகிறது. இதற்குக் கருந்துளை என்றே பெயர்.

திருப்பூரில் தளங்கள் திறக்காததற்கு மறுமுனைகளில் இருந்த அத்தகைய ஃபயர்வால்கள் காரணம். ஆனால் இன்வாய்ஸ் போகாததற்குக் காரணம் நான் எழுதிய விதி. சர்வரிலிருந்து புறப்படும் ஐசிஎம்பியில் பிங்கை மட்டும் அனுமதித்து மற்றதை எல்லாம் தடுத்திருந்தேன். அலுவலகக் கணினிகளுக்கு “குறைத்து அனுப்பு” என்று சொல்ல என் சர்வர் முயன்றபோதெல்லாம் அதன் வாயை நானே பொத்தியிருக்கிறேன். சர்வருக்கு மட்டும் தொல்லை வராததற்குக் காரணம், அதன் பிபிபி இடைமுகம் 1492 என்று அறிந்தே இருந்தது. டிசிபி இணைப்பு தொடங்கும்போதே சர்வர் மறுமுனையிடம் சிறிய அளவைக் கேட்டுவிடும்.

இப்போது உங்கள் சர்வருக்கு வருகிறேன். ‘பிங்’ கட்டளையில் பெரிய எம் விருப்பத்துக்கு ‘டூ’ என்று கொடுங்கள். துண்டாக்காதே என்று பொருள். சிறிய எஸ் விருப்பத்துக்கு 1472 கொடுத்து 1.1.1.1-க்கு அனுப்புங்கள். பதில் வந்தால் நான் சொல்லும் நோய் உங்களுக்கு இல்லை. எம்டியு எண்ணுடன் பிழைச் செய்தி வந்தால், வழியில் யாரோ நேர்மையாகச் சொல்கிறார்கள், அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மௌனம் என்றால் கருந்துளை. 1464, 1432, 1400 என்று இறங்கிப் பதில் வரும் எல்லையைப் பிடியுங்கள். ‘டிரேஸ்பாத்’ இந்த வேலையைத் தானே செய்து எந்த இடத்தில் அளவு குறைகிறது என்று காட்டும், ஆனால் மௌனமான ரவுட்டர்களிடம் அதுவும் திணறும்.

இன்னொரு சான்றும் எளிது. ‘கர்ல்’ கட்டளையை சிறிய வி விருப்பத்துடன் ஏதாவது எச்டிடிபிஎஸ் முகவரிக்கு ஓட்டுங்கள். ‘கனெக்டட்’ என்று வரும், ‘கிளையன்ட் ஹலோ’ என்று வரும், அங்கேயே நின்றுவிடும். தொடக்க டிசிபி பாக்கெட்டுகள் சிறியவை, தாண்டிவிடுகின்றன. அடுத்து மறுமுனை தன் சான்றிதழ்களை அனுப்புகிறது. அவை பல முழு அளவுப் பாக்கெட்டுகளாக வரும், வழியில் விழுந்துவிடும். கிட் உறைவதும் இதனால்தான்.

உறுதி செய்ய, ‘ஐபி லிங்க் செட்’ கட்டளையில் உங்கள் கார்டின் பெயரைக் கொடுத்து எம்டியுவை 1400 ஆக்குங்கள். இது தற்காலிகம்தான், மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். உடனே ‘ஆப்ட் அப்டேட்’ ஓடினால் நோய் பிடிபட்டது. பிறகு சரியான எண்ணை உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக்கான நெட்பிளான் கோப்பில் எழுதுங்கள். தொலைவிலிருந்து செய்கிறீர்கள் என்றால் ‘நெட்பிளான் அப்ளை’ வேண்டாம், ‘நெட்பிளான் டிரை’ பயன்படுத்துங்கள். 120 விநாடிகளுக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். இரவு பதினொரு மணிக்குச் சர்வர் அறைச் சாவியைத் தேடி அலைவதிலிருந்து இது என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

சர்வர் தனக்காக மட்டுமின்றி மற்றவர்களுக்கும் கேட்வேயாக இருந்தால், அதன் எம்டியுவைக் குறைப்பது மட்டும் போதாது. லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸின் மேங்கிள் அட்டவணையில், ஃபார்வர்ட் சங்கிலியில், இணைப்பைத் தொடங்கும் சின் கொடியுள்ள டிசிபி பாக்கெட்டுகளுக்கு ‘டிசிபிஎம்எஸ்எஸ்’ இலக்கை ‘கிளாம்ப் எம்எஸ்எஸ் டு பிஎம்டியு’ விருப்பத்துடன் சேர்க்க வேண்டும். அது கடந்து போகும் ஒவ்வொரு இணைப்பின் தொடக்கத்திலும் எம்எஸ்எஸ் எண்ணை (தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டில் ஏற்றக்கூடிய தரவின் உச்ச அளவு) திருத்திவிடும். 1492 எம்டியுவுக்கு 1452. அந்த ஒரு விதியைச் சேர்த்த நிமிடம் திருப்பூர் அலுவலகத்தில் எல்லாத் தளங்களும் திறந்தன. ஐசிஎம்பி தடையையும் அன்றே எடுத்துவிட்டேன். அதன்பின் எந்த வாடிக்கையாளரிடமும் ஐசிஎம்பியை மொத்தமாக அடைக்க நான் சம்மதித்ததில்லை. புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் இது இன்னும் கண்டிப்பானது: அங்கே வழியிலுள்ள ரவுட்டர்கள் எதையும் துண்டாக்குவதே இல்லை, அந்தச் செய்தி ஒன்றுதான் வழிகாட்டி.

சர்வரில் டாக்கர் (செயலிகளைத் தனித்தனிக் கண்டெய்னர்களுக்குள் ஓட்டும் மென்பொருள்) ஓடினால் ஒரு எச்சரிக்கை. வெளிக் கார்டின் எம்டியுவை நீங்கள் குறைத்தாலும் டாக்கரின் பாலம் 1500 என்றே இருக்கும். சர்வரில் எல்லாம் ஓடும், கண்டெய்னருக்குள் மட்டும் உறையும். டாக்கரின் டீமன் அமைப்புக் கோப்பில் எம்டியுவைத் தனியாகக் கொடுக்க வேண்டும். வயர்கார்டு போன்ற விபிஎன் சுரங்கங்களுக்கும் கவனம் தேவை. வயர்கார்டு வழக்கமாக 1420 எடுத்துக்கொள்ளும், ஆனால் அதன் அடியில் பிபிபிஓஇ இருந்தால் அதையும் 8 குறைத்து 1412 ஆக்குவது பாதுகாப்பு.

1472 பிங்குக்குப் பதில் வந்துவிட்டால் இரண்டை மட்டும் பாருங்கள். ‘கர்ல்’ கட்டளையில் 4 என்ற விருப்பம் போட்டால் ஓடி, 6 போட்டால் நின்றால், அரைகுறையாகக் கிடைத்த ஐபிவி6தான் காரணம். சர்வரின் கடிகாரம் தவறாக இருந்தால் சான்றிதழ் பிழை வரும். ‘டைம்டேட்சிடிஎல்’ பார்த்தால் தெரியும்.

பிங் நின்ற எண், ‘ஐபி ரூட்’ காட்டும் டிஃபால்ட் வரி, ‘கர்ல்’ கடைசியாக அச்சிட்ட வரி, இந்த மூன்றையும் கருத்துரையில் எழுதுங்கள். பொது ஐபி முகவரியை மறைத்துவிடுங்கள். இன்றிரவு பார்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.