ஆட்டோசோமல் டிஎன்ஏ பரிசோதனை செய்தால் தூரத்துச் சொந்தங்களைக் கண்டுபிடிக்க முடியுமா? தாத்தாவுக்கு முந்தைய பூர்வீகம் எதுவும் தெரியவில்லை.

முடியும். ஆனால் பரிசோதனை செய்யும் இணையதளங்கள் காட்டும் உறவுமுறையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்த குடும்பங்கள் நம்முடையவை. அவர்கள் கணக்கு நமக்குப் பொருந்தாது. நான் மலேசியாவில் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவள். என் அம்மாவின் பூர்வீக ஊர் இந்தப் பரிசோதனையில் தொடங்கித்தான் கிடைத்தது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆட்டோசோமல் என்பது, ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் ஜோடியை விட்டு மீதி 22 ஜோடி குரோமோசோம்களில் உள்ள டிஎன்ஏ. அவற்றில் பாதி அப்பா தந்தது, பாதி அம்மா தந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் அவை வெட்டிக் கலந்து இறங்குவதால், இரண்டு பேருக்குப் பொதுவான துண்டுகள் போகப் போகக் குறையும். அந்தத் துண்டுகளைச் சென்டிமார்கன் என்ற அலகில் அளக்கிறார்கள். இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி என்றால் சராசரியாக 870, ஒரே கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி என்றால் 230, அதற்கும் மேலே ஒரு தலைமுறை போனால் 73 அளவில் வரும். இன்னும் ஒரு படி ஏறினால், சொந்தம் உண்மையாகவே இருந்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பொதுத் துண்டு ஒன்றுகூட அகப்படாது. ஆகவே மேட்ச் வரவில்லை என்றால் உறவில்லை என்று அர்த்தமில்லை.

இதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவருக்கு முதலில் பரிசோதனை செய்யுங்கள். உங்களுக்குச் செய்வது அடுத்த வேலை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிடைத்த ஒரு பெரியவரோடு எனக்கு 190 சென்டிமார்கன் பொருந்தியது, அம்மாவுக்கு 402. எனக்கு வந்துசேராத பாதி அம்மாவிடம் இருக்கிறது. அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இப்போது அந்த 402-க்கு வருகிறேன். அதை வைத்துத் தளம் அந்தப் பெரியவரை ஒரு தலைமுறை நெருக்கமான சொந்தமாகக் காட்டியது. வயதோடும் ஊரோடும் அது ஒட்டவே இல்லை. என் தாத்தாவும் பாட்டியும் மாமன் மகன், அத்தை மகள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியானால் மேலே இருக்கும் ஒரே தம்பதியரிடமிருந்து அம்மாவுக்கு அப்பா வழியாகவும் இறங்கியிருக்கிறது, அம்மா வழியாகவும் இறங்கியிருக்கிறது. கொள்ளுத்தாத்தா வழிச் சொந்தத்துக்கு 230 வர வேண்டிய இடத்தில் அது இரட்டிப்பை நெருங்குவதில் ஆச்சரியமே இல்லை. அக்கா மகளைக் கட்டிய வீடுகளில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் பிறக்கும் பிள்ளையின் மரபணுவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே துண்டாகவே வந்திருக்கும். வேறு தளங்களில் செய்த டிஎன்ஏ கோப்புகளை ஏற்றி ஒப்பிடும் ஜெட்மேட்ச் தளத்தில் பெற்றோர் உறவினரா என்று பார்க்கும் வசதி இருக்கிறது. அதை முதலில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

சொந்தத் திருமணம் இல்லாத வீடுகளுக்கும் இது பொருந்தும். தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களை ஆராய்ந்து 2017-ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஒரு சிறு முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகி, பிறகு தமக்குள்ளேயே மணந்துகொண்டதன் தடம் 81 குழுக்களில் தமக்குள்ளேயே மணந்துவந்த ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாசிகளைவிடவும் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது என்று கண்டார்கள். ஒரே சாதிக்குள் பத்துப் பதினைந்து தலைமுறைக்கு முந்தைய துண்டுகள்கூடச் சிறிது சிறிதாகச் சேர்ந்து, நேற்றைய சொந்தம்போல ஒரு கூட்டுத்தொகையைக் காட்டிவிடும்.

அதனால் கூட்டுத்தொகையை விடுங்கள். மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். 100 சென்டிமார்கன் பொருத்தம் முழுவதும் எட்டும் பத்துமாகச் சிதறிக் கிடந்தால் நான் அதில் நேரம் செலவிடுவதில்லை. அதில் ஒரே துண்டு 30-ஐத் தாண்டினால் உட்கார்ந்து தேடத் தொடங்கிவிடுவேன். 7-க்குக் கீழே உள்ளவற்றில் பல வெறும் தற்செயல். அடுத்து, நீங்களும் இன்னும் இரண்டு பேரும் ஒரே குரோமோசோமில் ஒரே இடத்தில் ஒருவருக்கொருவர் பொருந்துகிறீர்களா என்று பாருங்கள்; பொருந்தினால் அந்தத் துண்டு ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆன்செஸ்ட்ரி என்ற பரிசோதனைத் தளத்தில் இந்த இடங்களைப் பார்க்க முடியாது. அங்கே பரிசோதித்தவர்கள் தங்கள் டிஎன்ஏ கோப்பை இறக்கி ஜெட்மேட்சில் ஏற்றிப் பார்க்கலாம். நீங்கள் தென்னிந்தியர் இத்தனை சதவீதம் என்று வரும் வரைபடம் சொந்தம் தேட உதவாது.

டிஎன்ஏ ஆளைக் காட்டியது. ஊரைக் காட்டியது காகிதம். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி வழியாக மலாயாவுக்கு வந்தவர்களுக்கு விரிவான தனிப்பதிவு பெரும்பாலும் இல்லை. எங்கள் தாத்தாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாம்-பர்மா மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை, ஊர்ப்பெயரும் அவரோடு போய்விட்டது. டர்பன் இருக்கும் நேட்டாலின் கதை வேறு. 1860 முதல் 1911 வரை அங்கே போன ஒன்றரை லட்சம் ஒப்பந்தக் கூலிகளுக்குக் கப்பல் வாரியாகப் பதிவேடு உண்டு: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். டர்பன் பெரியவரின் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து போனவர். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் இருந்தது என் தாத்தாவின் பெயர்! பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கம் எங்களைக் காப்பாற்றியது. அந்தப் பெரியவரின் தாத்தாவான அண்ணன் நேட்டாலுக்கும், என் தாத்தாவின் அப்பாவான தம்பி மலாயாவுக்கும் போயிருக்கிறார்கள். அந்தப் பெரியவர் அம்மாவுக்கு அண்ணன் முறை, எனக்கு மாமா. தமிழ் அவருக்கு வராது. ஆனால் அம்மா வீடியோ அழைப்பில் 'அண்ணே' என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

செய்வதற்கு முன் பெரியவர்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். தத்தெடுத்தது, வெளியே சொல்லாத பிறப்பு என்று எது வேண்டுமானாலும் வெளிவரலாம். தரவு உங்களுடையது மட்டும் அல்ல, உங்கள் சொந்தக்காரர்கள் அனைவருடையதும்தான். 2018-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பழைய கொலைகாரனைப் போலீஸ் பிடித்தது, ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் இருந்த அவனுடைய தூரத்துச் சொந்தங்களின் தரவை வைத்துத்தான். 2023-ல் ட்வென்டி த்ரீ அண்ட் மீ என்ற டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்கள் கசிந்தன. இவ்வளவும் தெரிந்துதான் நாங்கள் செய்தோம்.

மேட்ச் கிடைத்தால் முதல் செய்தியில் குடும்ப மரத்தை அனுப்பாதீர்கள், யாரும் படிக்கமாட்டார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அதனால் பெயரை வைத்தும் அவர்களால் அடையாளம் காண முடியாது. தாத்தாவின் பெயர், அவருடைய தகப்பன் பெயர், எந்த நாட்டில் எந்தத் தோட்டம், எந்த ஆண்டுவாக்கில் வந்தார்: இந்த நான்கையும் இரண்டு வரியில் எழுதி, அவர்கள் வீட்டில் கப்பல் எண்ணோ ஒப்பந்த எண்ணோ இருக்கிறதா என்று கேளுங்கள்.