மேலூர் நண்பருக்கு: மேனேஜர் சொன்னதோடு முடியவில்லை

வெள்ளி இரவு அப்பாவின் சேமிப்புக் கணக்கிலிருந்து 38,000 ரூபாய் போயிருக்கிறது. செவ்வாயன்று கிளையில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மேனேஜர் "நீங்கதான் ஓடிபி சொல்லியிருப்பீங்க" என்று கையை விரித்துவிட்டார்.

அவர் சும்மா வாயால் சொன்னால் போதாது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான். ஓடிபி எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்குப் போனது என்று எழுத்தில் கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

அப்பாவும் வங்கியும் தவறு செய்யாமல் வெளியாள் எடுத்திருந்தால், பணம் போனதாக வங்கியின் எஸ்எம்எஸ் வந்து 3 வேலை நாளுக்குள் புகார் தந்தவருக்கு நஷ்டத்தில் பொறுப்பே கிடையாது. எஸ்எம்எஸ் வந்த நாள் கணக்கில் வராது, ஞாயிறும் வராது. நீங்கள் அந்தக் கெடுவுக்கு உள்ளேதான் இருக்கிறீர்கள். 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 வரை அவர் தலையில் விழுந்திருக்கும். புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

ஆனால் அப்பா யாரிடமாவது ஓடிபி சொல்லியிருந்தால் கதை வேறு. புகாருக்கு முன் போன பணம் அவருடைய நஷ்டம், அதற்குப் பிறகு போனது மட்டுமே வங்கியுடையது. கோபப்படாமல் அவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு இன்னும் அழைக்கவில்லை என்றால் இன்றே அழையுங்கள். புகாருக்குக் கையெழுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் புகார் போடலாம், கட்டணம் இல்லை. அங்கும் சரிவரவில்லையென்றால் மதுரை நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.