வீட்டில் நோயாளி, முதியோர் பராமரிப்பு கேள்வி-பதில்: “சான்றிதழ்தான் இருக்கிறதே, இன்னும் என்ன பயிற்சி?”

இம்மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் பயிற்சியைப் பற்றியவை. நோயாளியின் வயது, எடை, நோய் எதையும் எழுதாமல் பதில் கேட்காதீர்கள் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். மீண்டும் சொல்கிறேன்.

2017இல் சி.பி.ஆர். (இதயம் நின்றவரின் மார்பை அழுத்தும் முதலுதவி) பயிற்சி முடித்து அட்டை வைத்திருக்கிறேன். புதிதாகச் சேரப்போகும் வீட்டில் அதைக் காட்டலாமா? (கமுனிங்)

கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அட்டை அது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்று யாரும் ஒப்பித்துவிடலாம். பொம்மையின் மார்பில் இரண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பாருங்கள், எவ்வளவு மறந்துவிட்டது என்று தெரியும்.

பன்னிரண்டு ஆண்டுகளாக முதியோரைப் பார்த்துக்கொள்கிறேன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டது. எனக்குச் சான்றிதழ் கிடைக்குமா? (லிந்தாங்)

வழி இருக்கிறது, அம்மா. ஜே.பி.கே. (திறன் மேம்பாட்டுத் துறை) வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழுக்கு எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) கட்டாயமில்லை. செய்துவந்த வேலையையே மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் பி.பி.டி. முறையைப் பற்றி விசாரியுங்கள். ஆதாரங்களை நீங்கள்தான் திரட்ட வேண்டும்: வேலை செய்த வீட்டாரின் கடிதங்கள், போன பயிற்சிகளின் தாள்கள், அன்றாடக் குறிப்புப் புத்தகம். குறிப்புப் புத்தகம் இல்லையென்றால் இன்றே ஒன்று வாங்குங்கள். நோயாளியின் முகம் தெரியும் படங்களை ஆதாரமாக வைக்க வேண்டாம். “ஒரே வாரத்தில் சான்றிதழ்” என்று பணம் கேட்கும் முகவர்களிடம் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

அப்பாவுக்கு மூக்கில் குழாய் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு பால் கொடுப்பது? உடனே பதில் தேவை. (ஊர் குறிப்பிடவில்லை)

வயது இல்லை, எடை இல்லை, எந்தப் பால் என்றும் இல்லை. அளவை நான் சொல்லமாட்டேன். மருத்துவமனை உணவியலாளரைக் கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன்பே மிஸ்ஸியிடம் (தாதியிடம்), “நான் செய்கிறேன், நீங்கள் பாருங்கள்” என்று கேட்டிருக்க வேண்டும். இப்போதும் தாமதமில்லை, போய்க் கேளுங்கள். அதுவரை எல்லாருக்கும் பொதுவானது: குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் உறுதி செய்யாமல் எதையும் ஊற்றக் கூடாது. தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்தபின் அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள். இருமினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்துங்கள்.

அம்மா பக்கவாதத்தால் படுத்திருக்கிறார். பார்த்துக்கொள்ளும் பெண் மாதம் ஒரு நாள் ஈப்போவுக்குப் பயிற்சிக்குப் போக வேண்டுமாம், அந்த நாள் சம்பளத்தையும் பிடிக்கக் கூடாதாம். சான்றிதழ் உள்ளவர் என்றுதானே சேர்த்தோம்? விடுப்பு நாளில் போகட்டுமே. (சுங்கை சிப்புட்)

ஆள் மாறினாலும் இந்தக் கடிதம் மாறுவதில்லை. ஒவ்வொரு மாதமும் வருகிறது.

ஆறு நாள் உங்கள் அம்மாவைத் தூக்கி, குளிப்பாட்டி, பேம்பர்ஸ் மாற்றும் பெண்ணுக்கு ஏழாவது நாள் ஓய்வுக்கானது. அதில் கை வைக்காதீர்கள்.

அவர் சான்றிதழ் வாங்கிய காலத்தில் உங்கள் அம்மா நடந்துகொண்டிருந்திருப்பார். நடப்பவருக்குத் துணை நிற்பது ஒரு வேலை. ஒரு பக்கம் செயலிழந்தவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது முற்றிலும் வேறு வேலை. அக்குளில் கைகொடுத்தோ செயலிழந்த கையைப் பிடித்தோ இழுத்தால் தோள்மூட்டு நழுவும். அந்த வலியை அம்மாதான் அனுபவிப்பார். இடுப்பில் வார் கட்டி மாற்றுவது, தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறவருக்குக் கெட்டியாக்கும் பொடி கலந்து கொடுப்பது, முதுகின் அடியிலும் குதிகாலிலும் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பை, அதாவது படுக்கைப் புண்ணின் தொடக்கத்தை, கண்டுபிடிப்பது: இவற்றையெல்லாம் யாராவது கற்றுத்தர வேண்டும். ஆறு மாதம் கழித்து, சரியாகத்தான் செய்கிறாரா என்று மறுபடி பார்க்கவும் வேண்டும். மேற்பார்வையின்றி ஒரு வீட்டில் தனியாக வேலை செய்யும் எவருக்கும் குறுக்குவழிகள் பழகிவிடும். அதை அவருடைய குணக்கேடு என்று நினைக்காதீர்கள்.

செலவுக்கு வருவோம். பத்துப் பேர், அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள நிதிக்குக் கட்டி, அதிலிருந்து பயிற்சிச் செலவைப் பெறுகின்றன. ஒரே ஒருவரை வைத்திருக்கும் வீட்டுக்கு அந்த ஏற்பாடு இல்லை. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம்கூட வீட்டுப் பணியாளருக்குப் பொருந்தாது. அவருடைய கல்விக்கு உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? ஒரு நாள் சம்பளம், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ நூறு வெள்ளி. ஆழமான படுக்கைப் புண் ஒன்று வந்தால் ஆற மாதக்கணக்காகும். செலவோடு அம்மாவின் வேதனையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

சம்பளத்தோடு அனுப்புங்கள். அன்று நீங்கள் அம்மாவோடு இருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். திரும்பி வந்ததும் அவர் கற்றதை உங்கள் முன்னால் செய்துகாட்டச் சொல்லி, தேதியோடு புத்தகத்தில் எழுதுங்கள். இன்னொன்று: அவரைச் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில்) பதிந்துவிட்டீர்களா? 2021 ஜூன் முதல் வீட்டுப் பணியாளருக்கும் அது கட்டாயம்.

கைப்பேசியில் காணொளி பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா? (சங்காட் சாலாக்)

மறதி நோயின் அறிகுறிகளை, உணவு முறைகளைத் தாராளமாகப் பாருங்கள். ஆளைத் தூக்குவதற்கும் குழாய் பராமரிப்புக்கும் போதாது. உங்கள் கை தவறாகப் போனால் காணொளி தடுக்காது.

இனிப்பு நீர் உள்ள தாத்தாவுக்கு இன்சுலின் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (எல்ஃபில் தோட்டம்)

கிளினிக் மிஸ்ஸி கற்றுத்தந்து, நீங்கள் போடுவதை அவரே பார்த்திருந்தால் மட்டும் போடுங்கள். அளவை நீங்களும் மாற்றக் கூடாது, வீட்டாரும் மாற்றக் கூடாது. பேனாவைத் திறந்த தேதியை அதன்மேல் ஒட்டுங்கள். பெரும்பாலானவை நான்கு வாரம்தான். இரத்தச் சர்க்கரை நான்கு mmol/Lக்குக் கீழே இறங்கினால், நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு ஏறத்தாழ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999ஐ அழையுங்கள். போட்ட நேரத்தையும் இடத்தையும் புத்தகத்தில் எழுதுங்கள்.

பயிற்சி எல்லாம் மலாயில் நடக்கிறது, எங்கள் லயத்துப் பெண்களுக்குப் புரிவதில்லை. (தோட்டப் பெண்கள் சிலர்)

எட்டுப் பத்துப் பேராகச் சேர்ந்து பெயர்ப் பட்டியலோடு கேளுங்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் இரண்டும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. தமிழ் பேசும் பயிற்றுநர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்கவாதத்துக்கு ஈப்போவிலுள்ள நாசாம் (தேசியப் பக்கவாதச் சங்கம்) மையத்தில் விசாரிக்கலாம். கோயில் மண்டபத்தில் ஒரு கட்டிலும் சக்கர நாற்காலியும் இருந்தால் போதும். பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒருமுறையாவது செய்துபார்க்க நேரம் வேண்டும்.