கனடாவின் வினிபெக் குளிரும் அப்பாவின் இன்சுலினும்

அப்பாவின் இன்சுலின் பேனா ராத்திரி முழுக்கக் காரிலேயே கிடந்தது, காலையில் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கிறது, போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டு இன்றே புதிதாக வாங்கிவிடுங்கள். மைனஸ் 25 டிகிரிக் குளிரில் அது உறைந்திருக்கும். உறைந்து இளகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். வேலைதான் ஒழுங்காகச் செய்யாது. இனி வெளியே போகும்போது பேனா சட்டையின் உள்பையில் இருக்கட்டும். கோட்டின் வெளிப்பை ஆகாது.

ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டர் 'எரர்' காட்டுவதும் குளிரால்தான் இருக்கும். பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே ஒத்துழைக்காது. வீட்டுக்குள் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கை கழுவித் துடைத்த பிறகு குத்திப் பாருங்கள்.

எனக்குக் கவலை அவர் பாதத்தைப் பற்றித்தான். கால் மரத்துப்போகிறது என்கிறீர்கள், ஹீட்டர் பக்கத்தில் நீட்டிக்கொண்டு உட்காருகிறார் என்றும் சொல்கிறீர்கள். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது. என் மாமா இப்படித்தான், சாக்ஸில் ஈரம் கண்ட பிறகே கொப்புளத்தைக் கவனித்தார். கம்பளி சாக்ஸ் போதும். படுக்குமுன் விரலிடுக்கு வரை நீங்களே பாருங்கள். வெளுத்தோ கறுத்தோ இருந்தால் தேய்க்காமல் டாக்டரிடம் போங்கள், அன்றைக்கே.

அப்புறம், அவர் நடுங்கினால் குளிர்தானே என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை இறங்கினாலும் உடம்பு நடுங்கும்.