காணாமல் போன பெண்ணின் தோழிகள் எல்லோருமே பொய் சொல்லும் மர்ம நாவல் வாசகரை ஏமாற்றுகிறதா?

நீங்கள் நாவலின் பாதியில் நிற்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி காணாமல் போகிறாள். அவளுடைய நெருங்கிய தோழிகள் மூவரும் விசாரணையில் பொய் சொன்னது அடுத்தடுத்து வெளிப்படுகிறது. மூவரில் ஒருத்திகூடக் குற்றவாளியாகத் தோன்றாதபோது இத்தனை பொய்கள் எதற்கு, வாசகரைத் திசைதிருப்ப ஆசிரியர் செய்யும் மோசடிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். மோசடி இல்லை என்பதே என் பதில். அப்படிச் சந்தேகிக்கப்பட்ட தோழிகளில் ஒருத்தியாக நான் இருந்திருக்கிறேன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் நால்வரில் ஒருத்தி ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பவில்லை. மறுநாள் காலையில் மற்ற மூவரையும் பள்ளிக்கு வரவழைத்து, ஒரே அறையில் வரிசையாக உட்காரவைத்து, அவளைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். முதலில் கேட்கப்பட்டவள், "மணி அடித்ததும் வாசலில் பார்த்தோம், அதற்குப் பிறகு பார்க்கவில்லை" என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். நானும் சொல் மாறாமல் அதையே சொன்னேன்.

உண்மையில், மணி அடித்து ஒரு மணி நேரம் கழித்து அவளைப் பேருந்து நிறுத்தத்தில் சந்தித்து, தேர்வுக் கட்டணத்துக்காக வீட்டில் கொடுத்திருந்த பணத்தை அவள் கையில் கொடுத்திருந்தேன். எதற்கென்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பணம் போனது வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் முதலில் வந்தது. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டுதான் அவள் போயிருக்கிறாள் என்பது பிறகு உறைத்தது. உறைத்ததும் வாய் இன்னும் இறுகிவிட்டது. இரண்டாமவள் அன்று சிறப்பு வகுப்புக்கு வராமல் வேறோர் இடத்தில் இருந்ததை மறைத்தாள். முதலில் பேசியவளிடம் போனவள் எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. யாரிடமும் காட்டுவதில்லை என்று அவள் சத்தியம் செய்திருந்தாள். ஒருத்தியின் காரணம் மற்ற இருவருக்கும் தெரியாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு அது மூவரும் கூடிப் பேசித் தீட்டிய ஒரே திட்டமாகத் தெரிந்தது.

நான்காம் நாள், வீட்டில் நடந்த ஒரு சண்டையால் மனம் வெறுத்துப் போன அவள் தூரத்து உறவினர் வீட்டில் பத்திரமாக இருப்பது தெரியவந்தது. அதற்குப் பிறகும் பள்ளியை விட்டு வெளியேறும் நாள்வரை எங்கள் மூவரையும் பார்த்த பார்வை மாறவில்லை. நான் சொன்ன பொய்யை நியாயப்படுத்தவில்லை. அவளுடைய தாயார் அந்த மூன்று இரவுகளை எப்படிக் கழித்திருப்பார் என்பதை நினைத்தால் இன்றும் வேதனையாக இருக்கிறது. ஆனால் எங்களைத் தனித்தனியாக அழைத்துப் பொறுமையாகக் கேட்டிருந்தால் அன்று மதியத்துக்குள் மூன்று உண்மைகளும் வெளியே வந்திருக்கும். பதின்வயதுப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து விசாரித்தவர்கள் அதைத் தங்கள் தவறாக ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆகவே, மறைப்பவர்கள் எல்லோரும் குற்றவாளிகளாக இருக்க வேண்டியதில்லை என்பதைக் காட்டும் மர்ம நாவலை நான் நேர்மையான நாவல் என்றே சொல்வேன். இது புதிய உத்தியும் அன்று. வில்கி காலின்ஸ் 1868இல் வெளியிட்ட 'தி மூன்ஸ்டோன்' நாவலில், வைரம் காணாமல் போனது பற்றி வாய் திறக்க மறுக்கும் ரேச்சல் என்ற இளம்பெண்ணை, அந்த மௌனத்தின் காரணமாகவே துப்பறிய வந்த சார்ஜண்ட் கஃப் சந்தேகிக்கிறார். அவள் ஏன் பேசவில்லை என்பதை இங்கே சொல்லமாட்டேன். இனிமேல் படிக்க இருப்பவர்களின் இன்பத்தைக் கெடுக்க எனக்கு உரிமையில்லை. (பின்னட்டைக் குறிப்பிலேயே பாதிக் கதையைச் சொல்லிவிடும் பதிப்பாளர்களும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.)

உங்கள் நாவலில் ஒரு தோழியே கதை சொல்கிறாள் என்றால், அங்கே உங்கள் சந்தேகத்துக்கு இடமுண்டு. துப்பறியும் கதைகள் எழுதிய பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளில் முதலாவது, குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும், ஆனால் வாசகர் யாருடைய எண்ணங்களைப் பின்தொடர்ந்து வந்தாரோ அவராக இருக்கக்கூடாது என்கிறது. விதி அறிந்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், ஆனால் அதை நான் முழுமையாக ஏற்கவில்லை. அந்த மூன்று நாட்களில் தனியாக இருந்தபோதுகூட நான் அந்தப் பணத்தை நினைக்காமல் தவிர்த்தேன். நினைவு அந்தப் பக்கம் திரும்பினால் உடனே வேறு வேலையில் இறங்கினேன். எனவே கதைசொல்லி ஒன்றைப் பற்றி நினைக்காமல் விலகிப் போவது எனக்கு நம்பும்படியாகவே இருக்கிறது. நடக்காத ஒன்றை நடந்ததாகத் தன் மனத்துக்குள்ளேயே அவள் சொல்லிக்கொண்டால், அதற்குக் கதையில் வேறு காரணமும் இல்லையென்றால், அதை நானும் மோசடி என்பேன்.

இந்த வகை நாவல்களில் என்னை வருத்துவது வேறொன்று. பெரும்பாலும் போனவளைப் பற்றி ஒரு புகைப்படமும் சில நாட்குறிப்புப் பக்கங்களும்தான் நமக்குக் கிடைக்கின்றன. எங்கள் தோழி எதற்குச் சிரிப்பாள், யாரிடம் அவளால் பேச முடியவில்லை என்பதெல்லாம் தெரிந்திருந்தால்தான் அவள் ஏன் போனாள் என்பதும் புரிந்திருக்கும்.

நாவலைக் கைவிட வேண்டாம். விசாரணை நடக்கும் அத்தியாயத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய், தோழிகள் தனித்தனியாகக் கேட்கப்பட்டார்களா, ஒன்றாகவா என்று பாருங்கள். ஒன்றாக என்றால், முதலில் பேசியவள் யார், அவளுடைய சொற்களை மற்றவர்கள் எந்த அளவுக்கு அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு மேலே படியுங்கள்.