சிற்றிக் அசிட் கண்ணுக்க பட்டா?

கேள்வி: வீட்டில நெல்லிக் கிறஷ் செய்து விக்கிறனான். சிற்றிக் அசிட் பைக்கற் வெட்டேக்க தூள் பறந்து மகளின்ரை கண்ணுக்க விழுந்திட்டுது. தேசிக்காய்ப்புளிதானே, ஒண்டும் செய்யாது எண்டு மாமி சொல்லுறா. உண்மையோ? – வாசகி, சாவகச்சேரி

பதில்: தேசிக்காயில இருக்கிற அதே அமிலம்தான் தங்கச்சி, ஆனா இது தண்ணி சேராத தூள், கண்ணீரில கரைஞ்சா சரியான கடுமை. கசக்க விடாம இமையை விரிச்சுப் பிடிச்சு ஓடுற தண்ணியில 15 நிமிசமாவது கழுவோணும், லென்ஸ் போட்டிருந்தா கழட்டிப்போடோணும். அப்பச்சோடா கரைச்சு ஊத்துறது, முலைப்பால் விடுறது எல்லாம் வேண்டவே வேண்டாம். இப்பவும் நோவோ சிவப்போ இருந்தா மாமியைக் கேக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அவசரமெண்டா 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும்.

கையில பட்டா தண்ணியும் சவுக்காரமும் காணும். விழுங்கினா வாயைக் கொப்பளிச்சுத் தண்ணி குடுங்கோ, சத்தி எடுக்கப் பண்ணாதேங்கோ.

இனி ஃபேனை நிப்பாட்டிப்போட்டு வெட்டுங்கோ. போத்தலில பேரெழுதி இறுக்கி மூடி வையுங்கோ, பாக்கச் சீனி மாதிரியே இருக்கும். அலுமினியச் சட்டியில கரைக்கக்கூடாது. கக்கூஸுக்கு ஊத்துற குளோரினோட கலந்திடாதேங்கோ, நச்சு வாயு கிளம்பும்.